சவிரிமுத்து காயவைத்த சுவர்

தேநீர்க் கடைக்குள் நுழைந்ததும் சவிரிமுத்து நாற்காலியைத் தேடுவதில்லை, சுவரைத் தேடுகிறார். குனிந்து, இடுப்பு உயரத்தில் வலது கன்னத்தை அதில் ஒட்டிக் கண்ணை மூடுகிறார். "காய்ஞ்சு கிடக்கு" என்று யாரும் கேட்காமலே அறிவித்துவிட்டுத்தான் உட்காருவார். பாரிசில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்குக் கோடியில், இதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை. கையை வைத்துப் பார்த்தால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"முப்பது வருசமாச் சீமெந்து பிடிச்ச கை, தம்பி. அதுக்கு ஒண்டும் தெரியாது."

மன்னார்க்காரர். வயது ஐம்பத்தெட்டு. வீடுகளின் நிலவறைகளை மனிதர் இருக்கக்கூடிய அறைகளாக்குவது தொழில். சட்டைப்பையில் செபமாலையும் ஒட்டுநாடாச் சுருளும் ஒன்றாகக் கிடக்கும். எதை எடுக்கப்போய் எது வருமென்று அவருக்கே தெரியாது. அவசரம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் முகம் சுண்டிவிடும். மூன்று வருடங்களுக்கு முன் கார்ஜ் புறநகரில் ஒரு வீட்டார் நெருக்கியதில், ஈரச் சுவரின் மேலேயே பலகை அடித்துவிட்டார். அந்தக் குளிர்காலத்திலேயே பலகையெல்லாம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. பிடுங்கியெறிந்து திரும்பச் செய்து கொடுத்தார் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. 'ஈரச் சவிரி' என்ற பெயரை மட்டும் மறக்காமல் சொல்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

அப்படிப்பட்டவரைத்தான் பொண்டிப் புறநகரில் இருக்கும் நடன ஆசிரியை கௌரி கூப்பிட்டார். வகுப்பு நடத்திய மண்டபத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். விசயதசமிக்குள் வீட்டு நிலவறை தயாராகாவிட்டால் பதினெட்டுப் பிள்ளைகளும் வேறு வகுப்புக்குப் போய்விடுவார்கள். சவிரிமுத்துவுக்கோ, இன்னொரு சுவர் ஈரமானால் பிறகு லா சப்பலில் ஒருவரும் வேலைக்கு அழைக்கமாட்டார்கள்.

ஆனாலும் மனிதர் அசையவில்லை. முதலில் வெளியே அத்திவாரம்வரை தோண்டி, சுவருக்குத் தார் பூசி, சல்லி பரப்பி, மழைநீர் போகக் குழாய் புதைத்தார். பிறகு ஐந்து கிழமை சும்மா காயவிட்டார். கௌரியின் கணவர் தவரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை.

"உதென்ன, சுவரைப் பாத்துக்கொண்டே இருக்கப்போறீரோ?"

"ஓம் அண்ணை. அது காயட்டும். பிறகுதான் உள்ளுக்க வேலை."

கடைசியில் ஒரு முழ அகலப் பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் நாடாவால் ஒட்டினார். இரண்டு நாள் கழித்தும் ஈரம் பிடிக்காவிட்டால்தான் பலகை ஏறும் என்றார்.

இரண்டாம் நாள் காலையில் தவரத்தினம் தொலைபேசி எடுத்தார். தாள் முழுக்க நீர்த்துளி. விசயதசமிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சவிரிமுத்து கைத்துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"அந்தப் பேர் சும்மா வரேல்லை எண்டு இப்ப விளங்குது" என்றார் நிலவறைப் படியில் நின்ற தவரத்தினம். பக்கத்தில் கௌரி, அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது.

சவிரிமுத்து தாளின் மேல் விரலை இழுத்தார். துளிகள் வழிந்தன. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"இஞ்சை ஆர் இடியப்பம் அவிச்சது?"

சமையல் மணம் வீட்டுக்குள் ஏறக்கூடாது என்று நிலவறையை இரண்டாம் அடுப்படியாக்குவது நம்மவர் வழக்கம். தமக்கை மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்காக, தவரத்தினம் முதல்நாள் முழுக்கக் கதவையும் யன்னலையும் சாத்திக்கொண்டு இங்கேதான் அவித்திருக்கிறார்.

"நூற்றைம்பது பேருக்கு" என்றார் மெதுவாக.

"காத்தில இருந்த ஆவி குளிர்த் தாளில பிடிச்சிருக்கு. அதுதான் முன்பக்கம் நிக்குது. சுவர் கக்கினதெண்டா பின்பக்கமெல்லோ நிக்கும்?"

சரக்கென்று நாடாவைக் கிழித்துத் தாளைப் புரட்டினார். பின்பக்கம் ஒரு சொட்டு இல்லை. தவரத்தினத்தின் மணிக்கட்டைப் பிடித்து, தாள் இருந்த இடத்தில் உள்ளங்கையை அழுத்தினார்.

"சொல்லுங்கோ அண்ணை. உரத்துச் சொல்லுங்கோ."

"ஈரமில்லை, சவிரி. சத்தியமா ஈரமில்லை."

எனக்குக் கை தட்டவேண்டும்போல இருந்தது. தட்டியும்விட்டேன்.

அன்றே வேலை தொடங்கியது. கெட்டி நுரைப்பலகைகளைச் சுவரோடு இடைவெளியில்லாமல் ஒட்டி, பொருத்துகளுக்கெல்லாம் நாடா போட்டு, அதன்மேல் சட்டம் அடித்துப் பிளாக்கோ என்ற சுண்ணச்சாந்துப் பலகை ஏற்றினார். ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு விசிறி. "அறைக் காத்து குளிர்ச் சுவரில படக்கூடாது, பட்டா வேர்க்கும்" என்று ஒவ்வொரு பொருத்துக்கும் எனக்குப் பாடம் எடுத்தார். இடியப்பப் பானை மேலே போய்விட்டது. கௌரியின் கட்டளைப்படி தவரத்தினமே சுமந்துபோனார்.

விசயதசமிக்கு மூன்று நாள் முந்திப் பிடித்த மழை அன்றைக்கும் விடவேயில்லை. அடுத்த வீட்டுப் பிரெஞ்சுக்காரர் தன் நிலவறையிலிருந்து வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தார். இங்கே பதினெட்டுப் பிள்ளைகளும் தட்டடவு ஆட, தவரத்தினம் வந்த பெற்றோரையெல்லாம் இழுத்துப்போய்ச் சுவரைத் தொட வைத்தார். "எங்கட சவிரியின்ர வேலை. தொட்டுப் பாருங்கோ!" கார்ஜிலிருந்து வந்த ஒருவர் அங்கேயே சவிரிமுத்துவின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினார்.

ஆளை மட்டும் காணவில்லை. தேடிப்போனேன். தோட்டத்தின் கடைசியில், குடையில்லாமல், தான் புதைத்த குழாயின் வாயருகே குந்தியிருந்தார். சுவருக்குள் இறங்கியிருக்கவேண்டிய மழையெல்லாம் அதன் வழியே குதித்துக்கொண்டிருந்தது. சவிரிமுத்து அதை இரண்டு கைகளாலும் அள்ளி முகத்தைக் கழுவினார். பிறகு இன்னொரு தடவை அள்ளினார்.