ஈசானிய மூலை

முடிச்சூரில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்கதவைத் தாண்டி வெளியே பாத்ரூம். அவ்வளவுதான். அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது கட்டியது. சிமெண்ட் தரை. 2015 பெருவெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நின்று வடிந்தபோது, அடியில் கொட்டியிருந்த மண் அமுங்கி, ஹாலின் வடகிழக்கு மூலை இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் எங்கே தண்ணீர் சிந்தினாலும் அது ஊர்ந்து போய் அந்த மூலையில்தான் தேங்கும். பின்கதவும் அந்த மூலையில்தான்.

வேறு வீடாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பள்ளத்துக்குச் சூடம் காட்டினார்கள்.

காரணம், அப்பா வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடியில் ஒரு சார். வாஸ்துப்படி ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு, தாழ்ந்திருந்தால் குடும்பம் உயரும் என்று சொல்லியிருக்கிறார். "அவனவன் காசு குடுத்து அந்த மூலைய எறக்குறான், உனக்கு வெள்ளமே வந்து எறக்கிக் குடுத்துட்டுப் போயிருக்குய்யா" என்றாராம். அந்த சார் வீட்டில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். இழைத்து வைத்த பளிங்குத் தரையில் நின்றுகொண்டு என் அப்பாவுக்குப் பள்ளத்தின் பெருமையைச் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு எனக்குக் காலேஜில் இடம் கிடைத்தது. அப்புறம் சிறுசேரியில் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே படித்தது நான். அரியர் வைத்து, அதை எழுதி முடிக்கிற வரை சோறு இறங்காமல் கிடந்தது நான். இன்டர்வியூவில் இங்கிலீஷ் வராமல் சட்டை நனைந்ததும் நான்தான். பேர் வாங்கியது மூலை. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைத்தான் காட்டுவார். "எல்லாம் இது குடுத்ததுதான்." நான் பக்கத்திலேயே நிற்பேன்.

போன மழைக்காலத்தில் அந்த மூலையில்தான் அம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்து டாக்டர் என்னிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: வீட்டில் வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும், நாலு காலும் சமமாக ஊன்ற வேண்டும், இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம். அம்மா பாத்ரூமுக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

நான் அன்றைக்கே மேஸ்திரியைப் பிடித்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குப் பூசியவர். அப்பாவிடம் தகவலாகத்தான் சொன்னேன், அனுமதி கேட்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீதான் படிச்சவன், பண்ணு" என்றார். அந்த 'படிச்சவன்' என் காதில் இன்னும் குத்துகிறது.

மேஸ்திரி வேலையில் குறை சொல்ல முடியாது. சின்ன டியூபில் தண்ணீர் பிடித்து, நாலு சுவரிலும் மட்டக் கோடு போட்டார். பழைய தரையைக் கொத்திவிட்டு, கழுவி, சிமெண்ட் பால் ஊற்றி, பொடி ஜல்லிக் கலவையைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்தார். நான் லீவு போட்டுவிட்டு சட்டி தூக்கினேன். மத்தியானத்துக்கு மேல் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள் என்று லேப்டாப்போடு எதிர் வீட்டு மாடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தரை முடிந்திருந்தது. பார்க்க வழுவழுவென்று அழகாக இருந்தது.

மறுநாள் காலையில், தரை வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் விட்டேன். பரவி நிற்கும் என்று பார்த்தால், தண்ணீர் ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், பழகிய வீட்டுக்குப் போகிற மாதிரி, அது ஈசானிய மூலைக்குப் போய் உட்கார்ந்தது.

அப்பா டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்து வாசலில் படுத்திருந்தார். அவரை எழுப்பிக் கத்துவதற்கு முன் மேஸ்திரிக்கு போன் போட்டேன்.

"அண்ணா, எங்க அப்பா பேச்சைக் கேட்டுத்தானே இப்படிப் பண்ணீங்க?"

"உங்கப்பாவா? அவரு என்னாண்ட ஒண்ணும் சொல்லல தம்பி. அம்மாதான் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணுச்சு. மேடு பள்ளம் இல்லாம பூசிடு, ஆனா அந்த மூலைக்கு வாட்டம் மட்டும் உட்டுடுன்னு. நான் இன்னா பண்றது? படுத்துகினு கீற மனுஷி கெஞ்சுது."

"வாக்கர் வெச்சு நடக்கப்போறது அவங்கதாண்ணா."

"அத்த நீ அவங்களாண்ட கேளு."

வாட்டம் என்றால் சரிவு. கெஞ்சி வாங்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அந்த வார்த்தைதான் எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

அம்மா கட்டிலில் சாய்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை.

"மேஸ்திரிகிட்ட என்னம்மா சொன்ன?"

"தெரிஞ்சிடுச்சா" என்றாள். "கத்தாத. பக்கத்துல ஆளுங்க கீறாங்க."

"நீ விழுந்தது அந்த மூலையிலதானேம்மா?"

"நான்தான விழுந்தேன். நீ விழலையே."

அவளே தொடர்ந்தாள். "உங்க ஆபீஸ்ல ஆளுங்கள வேலைய உட்டு அனுப்புறாங்கன்னு நீதான சொன்ன. உன்கூடச் சேர்ந்த புள்ளைய அனுப்பிட்டாங்கன்னு. இந்த நேரத்துல அத்தப் போய்த் தூர்க்கணுமா? என் காலு எப்படியாச்சும் ஆவட்டும்."

"நான் படிச்சு வாங்கின வேலைம்மா அது."

"யாரு இல்லன்னா? படிச்சதான்" என்றாள், காய்ச்சல்காரக் குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

அந்தக் குரல்தான் என்னை அதிகம் எரித்தது. அப்பா சொன்னால் சண்டை போடலாம். அந்த சாரைப் பார்த்தால் நாலு கேள்வி கேட்கலாம். தன் இடுப்பை என் சம்பளத்துக்குப் பணயம் வைத்துவிட்டு பன் தின்கிறவளை என்ன செய்வது? பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலமே மேஸ்திரியை மறுபடி வரவழைத்தேன். இந்த முறை பக்கத்தை விட்டு நகரவில்லை. "அம்மா கேட்டா நான் இன்னா சொல்றது?" என்று முனகிக்கொண்டே கொத்தினார். "நான் நின்னு வாங்கினேன்னு சொல்லுங்க" என்றேன். மூலை ஏறியது. காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஊற்றிய இடத்திலேயே பரவி நின்றது. அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு டியூட்டிக்குப் போனார்.

அம்மா வீட்டுக்கு வந்து இப்போது மாதங்கள் ஆகிவிட்டன. முதல் நாள் அந்த மூலைக்கு முன்னால் வந்து நின்றாள். வாக்கரின் காலால் தரையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு நடந்து போனாள், திரும்பி வந்தாள். யாரும் பிடிக்கவில்லை.

ஆனால் தினமும் நான் சிறுசேரியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போது, கட்டிலிலிருந்து குரல் வருகிறது.

"ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலையே?"

"இல்லம்மா."

"நாளைக்கும் போறதான?"

ஷூவை ஓங்கி எறிகிறேன். அது எறிந்த இடத்தில் கிடக்கிறது. நான் பதில் சொல்கிற வரைக்கும் அவள் விளக்கை அணைக்க விடுவதில்லை.