பசையக்கா பார்த்த பொடி அலைகள்

மருத்துவமனையில் எல்லோரும் அவளைப் பசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளியின் தலையில் பசை தடவி, இருபத்தொரு ஒயர்களை ஒட்டி, மூளையின் அலைகளைக் கணினியில் பதிவு செய்வது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே ஜன்னலில்லாத அறை. பதிவைப் படித்து முடிவு சொல்வது டாக்டர்.

ஒருநாள் முடிதிருத்துபவர் ஒருவர் மனைவியோடு வந்தார். ஏழு வருடமாக வலிப்பு. மாத்திரைகளுக்கு அடங்கவில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. சவரக்கத்தி பிடிக்கப் பயந்து கடையைத் தம்பியிடம் விட்டிருந்தார்.

"ஊர்ல இருக்கிற தலையெல்லாம் நான் பிடிச்சேன். இப்ப என் தலை உங்க கையில. பார்த்துப் பண்ணுங்கம்மா."

"பயப்படாதீங்க, நான் வெட்ட மாட்டேன். ஒட்டத்தான் செய்வேன்."

பதிவு ஓடியது. வலது காதுக்கு மேலிருந்த ஒயரில் மட்டும் கோடு அவ்வப்போது மை ஊறினதுபோல் தடித்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். பொடிப்பொடியாக, படுவேகமான அலைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

டாக்டரிடம் காட்டினாள். "பல்லைக் கடிச்சிருப்பார்மா. தசை இறுகினா இப்படித்தான் வரும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அவளே அப்படி எத்தனையோ தடவை ஒதுக்கியிருக்கிறாள். ஆனால் பல்லைக் கடித்தால் பல ஒயர்களில் தெரியுமே, ஒன்றில் மட்டும் ஏன்? அது மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு இன்னொரு பதிவு இருந்தது. "நல்லா சாப்பிட்டுட்டு வாங்க, இங்கதான் தூங்கணும்" என்று சொல்லிவிட்டிருந்தாள். அதிவேக அலைகளில் பெரும்பகுதியை இரைச்சல் என்று கழித்துவிடுவது கருவியின் வழக்கம். அந்த வடிகட்டியை எடுத்துவிட்டு, பதிவு செய்யும் வேகத்தையும் பலமடங்கு கூட்டினாள். மதியம் இரண்டு மணிக்கு அவர் வாயைப் பிளந்து குறட்டை விட்டார். தாடை தளர்ந்து கிடந்தது. அப்போதும் அதே இடத்தில் அதே அலைகள். அரைமணியில் நாற்பது தடவைக்கு மேல். ஒவ்வொன்றின் நேரத்தையும் குறித்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள்.

"சார், அசந்து தூங்குறார். இப்பவும் வருது. வேற எந்த ஒயர்லயும் இல்ல."

டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் குறித்த நேரங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார்.

"இதைத் தசைன்னு தள்ளிட்டேனே," என்றார்.

அந்த அலைகளை மட்டும் நம்பிக் கத்தி வைக்க முடியாது. எங்கே தேடவேண்டும் என்பதை அவை காட்டிக்கொடுத்தன. அந்த இடத்தை நுணுக்கமாக மறுபடி ஸ்கேன் எடுத்தபோது சின்னத் தழும்பு ஒன்று தெரிந்தது. மண்டைக்குள் மெல்லிய ஒயர்களைச் செலுத்திப் பார்த்தார்கள். வலிப்பு அங்கிருந்துதான் கிளம்பியது. அறுவை சிகிச்சை செய்து அந்தத் தழும்பை எடுத்தார்கள்.

இரண்டாம் மாதம் ஒருமுறை வலிப்பு வந்தது. அதைக் கேட்ட அன்று பசையக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு வரவில்லை. மாத்திரை மட்டும் தொடர்கிறது. ஒரு வருடம் கழித்து அவர் மனைவி போன் செய்தாள்.

"அக்கா, அவரைத் தனியா விட்டுட்டு எங்கம்மா வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வந்தேன். இத்தனை வருஷத்துல இதான் முதல் தடவை."

"நடுவுல போன் பண்ணினியா?"

"பதினோரு தடவை. கடைசியில 'என்னை நிம்மதியா இருக்க விடுடி'ன்னு கத்திட்டார்."

பசையக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.