பாப்பாவுக்கு ஒத்து வராது

எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் மொபைல் நம்பர் என்ற கட்டத்தில் அப்பாவின் நம்பர்தான் போகும். பள்ளிக்கூடம், கல்லூரி, பாங்க், எல்லாவற்றிலும். "கண்டவனும் பாப்பாவுக்கு போன் பண்ணுவான்" என்பது அம்மா சொன்ன காரணம். பாப்பா என்பது நான்தான். வயது இருபத்து நான்கு, சிவில் என்ஜினியரிங் முடித்தவள். வேலைக்கு எழுதிப் போட்டபோதும் அதே நம்பரைத்தான் எழுதினேன். புத்தி கெட்டவள்.

அடையாறில் ஒரு கட்டுமான அலுவலகம். இன்டர்வியூ நன்றாகவே போனது. அப்பா வெளியே ஸ்கூட்டரோடு காத்திருந்தார். ஒரு மாதமாகியும் பதில் இல்லை. எனக்குத் திறமை போதவில்லை என்று நினைத்து தினம் அழுதேன். அம்மா தலையைத் தடவி, "விடு, நமக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகு, அங்கே வேலை பார்க்கும் கல்லூரித் தோழி போனில் கேட்டாள்: "ஏண்டி, கூப்பிட்டதுக்கு வேணாம்னு சொல்லிட்டியாமே?"

மறுநாள் காலை அப்பாவிடம் கேட்டேன். அவர் தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் இட்லியைப் பிட்டபடியே ஒத்துக்கொண்டார். மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு.

"ஆமா, கூப்பிட்டாங்க. பாப்பாவுக்கு சைட் வேலையெல்லாம் ஒத்து வராதுன்னு சொல்லிட்டேன். வெயில்ல நிக்கணும், மேஸ்திரி, லாரிக்காரன்னு நூறு பேர்கிட்ட மல்லுக்கட்டணும். உன்னால ஆகுமா?"

"ஒரு மாசமா நான் அழுததப் பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"அழுதா நாலு நாள்ல சரியாயிடும். வெளிய போய் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

அம்மா சட்னியோடு வந்து சேர்ந்துகொண்டாள். "தரையில விட்டா எறும்பு கடிக்கும், தலையில வச்சா பேன் கடிக்கும்னு வளத்தோம். எங்களயே கேள்வி கேக்குற." பெருமையாகச் சொன்னாள். நாலு எறும்பு கடித்திருந்தால் சொறிந்துகொள்ளவாவது கற்றிருப்பேன்.

நானே அடையாறு போய்ப் பேசுகிறேன் என்றேன். "இரு, நானே கொண்டு விடுறேன்" என்று அப்பா கை கழுவ எழுந்தார். என் வேலையைக் கெடுத்தவரே எனக்குத் துணைக்கு வருகிறாராம். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தி. நகர் பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரைக் கேட்டுத்தான் சரியான பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரிடம் ஐம்பது ரூபாயை நீட்டினேன். அவர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா நீ, இந்த பஸ்ல லேடீஸுக்கு ஃப்ரீ. எத்தினி வருசமா ஓடிக்கினு கீது, தெரியாதா?"

தெரியாது. பிறந்ததிலிருந்து இதே ஊர், ஊருக்கே தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் யூனிஃபார்மில் நின்ற ஒரு சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் தனியாக வந்திருந்தாள். அடையாறு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. இனி என் விஷயத்தில் அவர் வாயே திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அலுவலகத்தில் என்னை இன்டர்வியூ செய்த அதே மேனேஜர் அம்மாள்தான் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒன்று விடாமல் முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சும்மா. ஆனா திண்டிவனத்துல ஒரு சைட் ஆரம்பிக்கிறோம். அங்கயே தங்கணும், ரூம் நாங்க தர்றோம். திங்கட்கிழமை சேரணும். இன்னிக்கே பேர் குடுக்கணும் நான். வர்றீங்களா?"

ஒரு மாதம் அழுதது இதற்குத்தான். பஸ் பிடித்து வந்தது இதற்குத்தான். வாயைத் திறந்தேன்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, பட்டியலில் அடுத்த பெயருக்கு போன் போட்டார்.