அக்கா நேராகப் பேசிய மாதங்கள்

என் அக்காவுக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது. மலேசியாவில் எங்கள் ஈப்போவில் பிற்பகலானால் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு மழை வருவது ஊரறிந்த விஷயம். ஆனால் அக்கா துணி காயப்போட்ட பிறகு மழை வந்தால் அது வேறு கதை.

"நான் கடைசி கிளிப்பு மாட்டுற வரைக்கும் மலைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பார்த்துக்கிட்டே இருந்திச்சு லா, இந்தப் பாழாப்போன மழை!"

இதற்குத் தற்குறிப்பேற்ற அணி என்று பெயர். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. இடைநிலைப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் படிவ வகுப்புகளுக்கு நான் தமிழ் இலக்கியம் நடத்திய காலமெல்லாம் இந்த இலக்கணத்தைப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டு ஒப்பிப்பார்கள். தேர்வில் ஒரு சொல் பிசகாமல் எழுதுவார்கள். வீட்டில் அம்மா வாயிலிருந்து அதே அணி வந்து விழுந்தால் மட்டும் காதில் ஏறாது. அணி என்பது புத்தகத்துக்குள் குடியிருக்கும் ஏதோ விலங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் தீராத எரிச்சல். சாக்பீஸை வீசியெறிந்த நாட்களும் உண்டு.

எனக்கு அந்தக் காது வாய்த்ததற்குக் காரணம் கெட்டிக்காரத்தனம் இல்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகள்தான் காரணம். பத்து காஜா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அங்கே யாரும் நேராகப் பேசிப் பிழைக்க முடியாது. வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சமதரையில் மரம் கொடுத்துவிட்டு, அக்காவுக்கு மட்டும் மேட்டு நிரையையே தள்ளிக்கொண்டிருந்தார். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி இறங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மண்டோரை எதிர்த்துப் பேசினால் வேலை போகும். அதனால் அக்கா ஒருநாள், அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிற நேரம் பார்த்து, லயத்து நாயைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ நாயே! எலும்பு கெடைச்சா ஒன் சாதி சனத்துக்கே கொண்டுபோய்ப் போடு. எங்களுக்கு வெறுஞ்சட்டிய காட்டு. நன்றியுள்ள பொறப்புன்னு ஒனக்கு எவன்டா பேரு வெச்சான்?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மண்டோர் முகம் செத்துவிட்டது. ஆனால் அவரால் என்ன செய்ய முடியும்? என்னையா சொல்கிறாய் என்று கேட்டால், தானே நாய் என்று ஒப்புக்கொண்டது போல் ஆகும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் அக்காவுக்கு நிரை மாறியது. லயத்தில் இதை ஜாடைப் பேச்சு என்பார்கள். பின்னாளில் கல்லூரியில் பிறிது மொழிதல் அணியை விரிவுரையாளர் மூச்சு வாங்க வாங்க விளக்கியபோது எனக்கு அந்த நாயின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

லயத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரும் எதையும் புகழ மாட்டார்கள். கண் பட்டுவிடும். பிறந்த குழந்தையைப் பார்க்க வருபவர்கள், "என்னா லா இது, கருவாட்டுக்குப் பொட்டு வெச்ச மாதிரி?" என்றால் பெற்றவள் பூரித்துப் போவாள். தெரியாத்தனமாக யாராவது அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவள் முகம் மாறும். விருந்தாளி படியிறங்கியதும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். ஒருவரை நேருக்கு நேராகப் புகழ்வது அவர் பிணமாகக் கிடக்கும்போது மட்டும்தான். அன்றைக்கு ஒப்பாரியில் எல்லாக் குணங்களும் வெளியே வரும். கேட்க வேண்டியவருக்குத்தான் கேட்காது.

பழிப்பது போலப் புகழ்வதும் புகழ்வது போலப் பழிப்பதும் வஞ்சப்புகழ்ச்சி. அக்காவிடம் நான் வாழ்நாள் முழுவதும் வாங்கியது முதல் வகை. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போன பிறகு, ரப்பர்ப் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தவள் அவள். எனக்கு ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது வாளி கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "போச்சு லா. இந்த மரமண்டைய நம்பி இனி எத்தனை வீட்டுப் புள்ளைங்க நாசமாப் போகப் போகுதோ!" என்றாள். அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு கோழி குறைந்தது. ஒரு தொடைக்கறி என் தட்டில், இன்னொரு தொடைக்கறியும் என் தட்டில்.

மரமண்டை, தண்டச்சோறு, விளங்காதவன் என்று அவள் கூப்பிட்டால் வீடு நன்றாக இருக்கிறது என்று பொருள். "வாங்க சார், உக்காருங்க சார்" என்று மரியாதை வந்தால்தான் என்ன தப்புச் செய்தேன் என்று நான் யோசிக்க வேண்டும்.

தோட்டம் கைமாறி மரங்களை வெட்டியதும் லயத்துச் சனம் மூலைக்கொன்றாகச் சிதறியது. அக்கா புருஷனோடு ஈப்போவுக்கு வந்து உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினாள். அவர் தவறிய பிறகு, பிள்ளைகள் இல்லாததால், நான் போய்க் கூட்டிவந்து என் வீட்டில் வைத்துக்கொண்டேன். வந்த அன்றே என் மனைவி போட்ட கோப்பியைக் குடித்துவிட்டு, "இதுக்குள்ள மீன் விட்டா நல்லா நீந்தும்" என்றாள். என் மனைவியும் தோட்டத்துப் பெண்தான். சிரித்துக்கொண்டே இன்னொரு குவளை ஊற்றினாள். அன்றிலிருந்து இருவரும் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.

போன வருடம் ஒருநாள் வாசலில் நான் கார் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னாங்க, அக்கா கோப்பி நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

முதலில் சிரித்தேன். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒழுங்கா போட்டிருக்கே போல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கார் துடைத்த துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அக்கா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அன்று என்னவோ காலையிலேயே, அந்த நேரம் பார்த்து, தூறல் போட ஆரம்பித்தது. கொடியில் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"மழை வருது" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். மழையைத் திட்டவில்லை. மலைக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கவுமில்லை.

"அக்கா, துணி நனையுது."

"ஆமா. நனையுது."

எழுந்திருக்கவில்லை. அவள் இடது கை மடியில் கிடந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஈரக்கையோடு அப்படியே அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

டாக்டர் இளம் வயதுச் சீனப் பெண். பேச்சில் மாற்றம் உண்டா என்று மலாயில் கேட்டார். உண்டு என்றேன். குழறுகிறதா? இல்லை. சொல் தடுமாறுகிறதா? அதுவும் இல்லை. பிறகென்ன என்பது போலப் பார்த்தார். "நேராகப் பேசுகிறார், டாக்டர்" என்றேன். காலமெல்லாம் அணியிலக்கணம் நடத்திய எனக்கு அதற்கு மேல் மலாயில் சொல்ல வரவில்லை. அவர் சிரிக்கவில்லை என்பதை நான் என்றும் மறக்க மாட்டேன். இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். வலது கை நின்றது. இடது கை மெல்லக் கீழே இறங்கியது. உடனே உள்ளே கொண்டுபோனார்கள்.

மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக் கட்டி. சீக்கிரம் வந்தது நல்லதாகப் போயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். கேலி, குரலின் ஏற்ற இறக்கம், ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துவது இதெல்லாம் பிடிபட அந்தப் பக்கம் தேவை என்றும் விளக்கினார். திரும்பி வருமா என்று கேட்டேன். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்தாள். நடந்தாள், சாப்பிட்டாள். பசிக்குது என்றால் பசி. தண்ணி வேணும் என்றால் தண்ணீர். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், நல்லா பேசுறாங்களே, பயப்பட ஒன்னுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர்களுக்குக் கொடுத்த கோப்பியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் அக்கா வீட்டுக்கு வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டாள். அக்கா எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். பிறகு அந்தப் பெண், "கெப்பாலா பாத்து" என்றால் என்ன என்று கேட்டாள். தலை, கல் என்ற இரண்டு சொல் சேர்ந்து பிடிவாதக்காரனைக் குறிக்கும் மலாய் வழக்கு அது. அக்கா தன் தலையைத் தொட்டாள். பிறகு வாசலில் கிடந்த கல்லைக் காட்டினாள். பழைய அக்காவாக இருந்தால் கையை நேரே என் பக்கம் நீட்டியிருப்பாள்.

நானும் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். பசாருக்குப் போய்விட்டு வந்து, "வெயில் மண்டைய பொளக்குது, அக்கா" என்றேன். பதறிப்போய் என் தலையைக் குனியச் சொல்லி, "ரத்தம் வருதா?" என்று தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளிடம் உயர்வு நவிற்சியை நிறுத்திவிட்டேன்.

காம்பாரிலிருந்து என் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அக்கா குழந்தையைப் பார்த்து, "புள்ள ரொம்ப அழகா இருக்கு" என்றாள். என் மனைவி அடுப்படிக்கு ஓடி உப்பும் மிளகாயும் அள்ளி வந்து குழந்தைக்குச் சுற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அக்காவுக்கும் சேர்த்துச் சுற்றினாள்.

அதைவிட மோசமான பிற்பகல் ஒன்று இருந்தது. அவளுடைய இடது கைக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"தம்பி, நீ ரொம்ப நல்லவன்டா. எனக்கு உன்னைய ரொம்பப் பிடிக்கும்."

அறுபது வயதைத் தாண்டிய எனக்கு அக்கா சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, பயத்தில். எங்கள் ஊரில் நேராகப் புகழ்வது எப்போது என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற என்னை அவள் வழியனுப்பி வைக்கிறாளா, அல்லது தான் போகப் போவதைச் சொல்கிறாளா என்று புரியாமல் நின்றேன். எனக்கு நல்லவன் பட்டம் வேண்டாம். என் மரமண்டையைத் திருப்பிக் கொடு என்று கேட்கலாம் போலிருந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், "தோட்டத்தப் பார்க்கணும்" என்றாள். கூட்டிப்போனேன். லயம் இல்லை. ரப்பர் இருந்த இடமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. எங்கள் சின்னக் கோயில் மட்டும் தகரக் கூரையோடு ஓரமாக நின்றது. "மரம் மாறிடுச்சு" என்றாள் அக்கா. ஆமாம் என்றேன்.

நிழல் பார்த்து நிறுத்தலாம் என்று வண்டியைப் பின்னால் எடுத்தேன். பின்சக்கரம் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. நான் கீழே இறங்கி, சகதியில் நின்றுகொண்டு, என் எரிச்சலையெல்லாம் வண்டி மேல் காட்டினேன். அக்கா மெல்ல இறங்கிப் போய்க் கோயில் படியில் உட்கார்ந்தாள். படியோரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்:

"ஏ நாயே, அத்தனை வருஷம் காலேஜு படிச்சியே, ஒரு வண்டிய பின்னால எடுக்கத் தெரியலையே ஒனக்கு!"

அந்த நாய் எந்தக் காலேஜிலும் படித்ததில்லை. சகதியோடு அப்படியே நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் வாயோரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அது நோயின் இழுப்பு இல்லை. எனக்குத் தெரியும்.

"இன்னொரு தடவை சொல்லு, அக்கா" என்றேன்.

"நான் நாய்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். ஒனக்கென்னா?"

செம்பனைத் தோட்டத்து ஆட்கள் இருவர் வந்து வண்டியைத் தள்ளிவிட்டார்கள். ஒரு கிழவன் சகதியில் நின்று ஏன் சிரிக்கிறான், ஏன் அழுகிறான் என்று அவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

திரும்பும்போது மனசு தாளாமல் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னைக்கு எண்ணெய் தேய்க்கிறப்ப, நான் நல்லவன், என்னைய ரொம்பப் பிடிக்கும்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"அப்படியா சொன்னேன்?" சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப நெசமாவே மூளை கலங்கித்தான் போயிருக்கு லா."

வீட்டுப் பக்கம் திரும்புகிற இடத்தில், என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்:

"நான் சொன்னதப் போய் எவன்கிட்டயாச்சும் ஒளறி வைக்காத, மரமண்டை. கண்ணு பட்டுடப் போகுது."

இப்போது எழுதியே விட்டேன். மனைவியிடம் உப்பும் மிளகாயும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.