மூட்டு மாத்திரையும் தயிர்சாதமும்

சிவப்பு சிமெண்டுத் தரையில் நகம் உரசுகிற சத்தத்தோடுதான் அந்தக் குளிர்காலம் எனக்கு நினைவுக்கு வருகிறது. முன்னங்கால்கள் இரண்டும் டக், டக் என்று ஊன்றும். அப்புறம் பின்னங்கால்கள் இழுபடுகிற நீண்ட ‘சர்ர்ர்’. கிடர்பூர் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் குடியிருப்பில், விடிந்தும் விடியாத பனியில், கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபடியே மணி கூடத்தில் எதுவரை வந்திருக்கிறான் என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

மணி எங்கள் நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடங்கியிருக்கும். நான் நடை பழகிய நாட்களில் துறைமுக வாசலில் கிடந்த குட்டியை அப்பா சட்டைக்குள் போட்டுத் தூக்கி வந்ததாகச் சொல்வார்கள். எனக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனால் நான் ஏழாம் வகுப்புக்குப் போனபோது அவன் கிழவனாகியிருந்தான். எதிர் வீட்டில் இருந்த வங்காளி அம்மாளை, சித்தி முறை வைத்து, ‘காக்கிமா’ என்று கூப்பிடுவேன். அவர் வாயில் மணி ‘மோனி’ ஆகிவிட்டான். இரண்டு பெயருக்கும் வாலை ஆட்டிக்கொண்டு, இரண்டு வீட்டிலும் செல்லமாகத் திரிந்தான்.

அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்து வந்த இடத்தில் வங்காள மொழியை ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்டவர். இலக்கணம் எப்படியோ போகட்டும், தைரியத்துக்குக் குறைவே கிடையாது. காய்கறிக் கடையில், டிராமில், தபால் ஆபீசில், எங்கே போனாலும் பேச்சை அவர்தான் ஆரம்பிப்பார். நான் அங்கேயே வளர்ந்தவள், எனக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என்றாலும் வெளியே போகிற வங்காளம் அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

மாடிப்படி ஏற முடியாமல் மணி அழுத அன்று, அவனை ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு அலிப்பூர்ப் பக்கம் இருந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் அப்பாவும் அம்மாவும் போனார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மருத்துவர் அவன் இடுப்பையும் முழங்காலையும் நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, வங்காளத்தில் சொன்னாராம்: “பாத்-டா கொமாத்தே ஹோபே.” பாத்தைக் குறைக்க வேண்டும். அப்பாவுக்கு அது தெளிவாகப் புரிந்துவிட்டது. வங்காளத்தில் பாத் என்றால் சோறு. சோற்றைக் குறைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “இங்கிலீஷ்ல ஒரு தடவ கேட்டுட்டு வந்திருக்கலாம்லா?” என்றார்.

“இத்தன வருஷமா பேசுத பாஷ. எனக்கு வெளங்காமலா போவும்?” என்று அப்பா முறைத்தார். “சோறு வாய்வு, தயிரு குளிர்ச்சி. ரெண்டும் சேந்து மூட்டப் புடிச்சிருக்கு. டாக்டர் சரியாத்தான் சொல்லுதாரு.”

மாத்திரை சின்னதாக இல்லை. கொட்டைப்பாக்கு அளவு, சாம்பல் வெள்ளை, டப்பாவைத் திறந்தால் கருவாட்டுக் கடைப் பக்கம் போன மாதிரி ஒரு வாடை. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிற சத்து என்று மருந்துக் கடைக்காரர் விளக்கியதும், சுத்த சைவமான அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். டப்பாவை அடுப்படிக்குள் விடாமல், பால்கனியில் துணிக் கிளிப்புகளோடு வைத்துக்கொண்டார். மூட்டுத் தேய்மானம் குணமாகாது, வலி கொஞ்சம் குறையும், அதுவும் சில வாரம் விடாமல் கொடுத்தால்தான் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதையெல்லாம் அப்பா சரியாகவே கேட்டுக்கொண்டு வந்திருந்தார் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மணிக்குப் பிறந்ததிலிருந்து தயிர்சாதம்தான் உயிர். அது நின்றது. கனம் குறைந்தால் காலுக்கும் நல்லதுதான் என்று அப்பா மற்றதையும் அளந்தே போட்டார். காலையில் காய்ந்த ரொட்டி ஒன்று, சாயங்காலம் ரொட்டித் துண்டில் மாத்திரையை மறைத்து ஒரு வாய், அவ்வளவுதான். பசித்த வயிற்றில் விழுந்த மாத்திரையைப் பாதி நாள் வாந்தி எடுத்தான். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால், டக், டக், சர்ர்ர் என்று வந்து அப்பாவின் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அவர் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்ப்பான். அவனைப் பார்த்து ஒரு நாளும் குரலை உயர்த்தாத அப்பா, “மணி, போ அங்கிட்டு!” என்று அதட்டினார். அம்மா ஒரு கவளத்தை ஒளித்து நீட்டியதைப் பார்த்துவிட்டு, “எரக்கப்பட்டுப் போட்டேன்னு வையி, அவனுக்குத்தான் கேடு. காலு வெளங்காமப் போயிரும்” என்று சத்தம் போட்டார். ஆனால் அவரும் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

கொஞ்ச நாளில் மணி கற்றுக்கொண்டான். தட்டு வைக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து, சிரமப்பட்டு நடந்து, கதவுக்குப் பின்னால் போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவான். நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கிறான் பார் என்று நாங்கள் அதையும் மெச்சினோம்.

குளிர் நன்றாக ஏறியிருந்த ஒரு விடுமுறை நாளில் காக்கிமா வந்தார். மணி அவர் வீட்டு வாசலுக்கு வந்து எச்சில் தட்டை நக்குகிறான் என்றும், விலா எலும்பு தெரிகிறதே, என்ன சங்கதி என்றும் கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில், டாக்டர் உத்தரவு, பாத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். காக்கிமா புரியாமல் விழித்தார். அம்மா மருத்துவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொன்னார். அடுத்த நிமிஷம் காக்கிமா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“அட கடவுளே, அந்த பாத் இல்ல, இந்த பாத்!” என்றார்.

அதுவரை ‘சோற்றைக் குறைக்கணும்’ என்று தமிழில் மட்டுமே கேட்டிருந்த எனக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். நமக்கு இருப்பது ஒரே ‘ப’. வங்காளிக்கு அப்படியில்லை. மூச்சை அழுத்தி வெளியே விட்டுச் சொன்னால் சோறு, மூச்சு விடாமல் சொன்னால் மூட்டுவலி. மருத்துவர் சொன்னது மூட்டுவலியைக் குறைக்க வேண்டும் என்பதைத்தான். அதற்குத்தான் மாத்திரை. நம்முடைய ‘வாதம்’தான் அந்த ஊருக்குப் போய் வாய் மாறி ‘பாத்’ ஆகியிருக்கிறது என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. சொந்தச் சொல்லே வேறு சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றபோது அப்பாவுக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

சிரித்துக்கொண்டே திரும்பிய காக்கிமாவின் கண்ணில் கதவுக்குப் பின்னால் கிடந்த மணி பட்டான். சிரிப்பு நின்றுவிட்டது. “அப்படின்னா இத்தனை நாளா இவனுக்குச் சோறே போடலையா?” என்று கேட்டார். அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அன்றைக்கு அவர்களோடு ரிக்‌ஷாவில் போயிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த நினைப்பு விட்டபாடில்லை.

அப்பா சாமான் வாங்கிக்கொண்டு வந்ததும் அம்மா விஷயத்தைச் சொன்னார். அப்பா பையைக் கீழே வைக்காமலே நின்றார். “பாத்” என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். மூச்சை அழுத்தி மறுபடியும் சொல்லிப் பார்த்தார். இரண்டும் ஒன்று போலத்தான் வந்தன. பிறகு நேரே அடுப்படிக்குப் போய், இருந்த சோற்றைத் தானே குழையப் பிசைந்து, தயிர் ஊற்றி, பால்கனியிலிருந்து டப்பாவை எடுத்து வந்து, அம்மா அருவருப்பாகப் பார்த்ததையும் லட்சியம் பண்ணாமல் மாத்திரையை நசுக்கிக் கலந்து, மணியின் முன்னால் வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

“சாப்பிடுல. வா ராசா. சோறுதாம்ல, சாப்பிடு.”

மணி மூக்கை நீட்டி மோந்தான். வாயை நக்கிக்கொண்டான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மெல்ல எழுந்து, காலை இழுத்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் கதவுக்குப் பின்னால் தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அப்பா எத்தனை கெஞ்சியும் திரும்பவில்லை. கடைசியில் அப்பா எழுந்து மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்ட பிறகுதான் தட்டு காலியாகிற சத்தம் கேட்டது.

சோற்றோடு போன மாத்திரை வாந்தியாக வரவில்லை. குளிர் போய் வெயில் ஏற ஏற, மணி நாலு படி இறங்கவும், குழாயடியில் காக்கை விரட்டவும் ஆரம்பித்தான். அடுத்த வருஷம் மழைக்காலம் வரை இருந்தான். வலி இருந்தது, ஆனால் முன்போல அழவில்லை. அப்பா அறையில் இருக்கும்போது மட்டும் அவன் சோற்றைத் தொடவே இல்லை. அதனால் தினமும் அப்பாவே பிசைந்து வைத்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அந்தக் குடியிருப்பு இப்போது இல்லை. சுற்றி இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஓய்வு பெற்று ஊர்ப் பக்கம் போய்விட்டன. காக்கிமாவும் மகனோடு வெளியூர் போனவர், போனவர்தான். நான் இருக்கும் நியூ டவுன் அடுக்குமாடியில், கீழ்க்கடையிலேயே வயதான நாய்களுக்கான மூட்டு மாத்திரை வண்ண வண்ண டப்பாக்களில் கிடைக்கிறது. கோழி ருசியாம், நாய் தானே கேட்டு வாங்கித் தின்னுமாம். எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்தே ஒட்டியிருக்கிறார்கள்.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒரு டப்பாவோடும் தன் கிழட்டு நாயோடும் லிஃப்டில் ஏறினார். அந்த நாய் அப்பாவின் கையை நக்கியது. எங்கள் மாடி வரும்வரை அப்பா கையை எடுக்கவில்லை. வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் கேட்காமலே சொன்னார்:

“மனுஷன்னா, என் காது பண்ணின தப்புன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பேம்மா. அவன்கிட்ட எந்தப் பாஷயில சொல்ல? தான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சுக்கிட்டே போயிட்டான்.”