அக்கா பொய்யென்று சொன்ன மூன்று கடிதங்கள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும், கடைசி நான்கு ஆண்டுகள் அக்காவுக்கு நினைவு தடுமாறியிருந்தது என்றே நம்பியிருக்கிறீர்கள். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் உடன்பிறந்த தம்பியாகிய நான். இதை மலரில் போட வேண்டாம், இனிமேல் எதற்கு என்று வீட்டில் சொன்னார்கள். இது இல்லாத மலரில் என் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா பிறந்தது செகந்திராபாத்தில், ஜெனரல் பஜாரை ஒட்டிய சந்தில், எங்கள் கடையின் பின்கட்டில் இருந்த வீட்டில். ஆரணியிலிருந்து புடவை மூட்டையோடு ரயிலேறி வந்த தாத்தா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த கடை அது. ஒரே கல்லா, மூன்று சரக்கு: மிட்டாய், மருந்து, துணி. அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பெண்கள் கடைக்குள் கால் வைக்கமாட்டார்கள். திரை போட்ட ஜட்கா வண்டியை வாசலில் நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். கடைதான் அவர்களிடம் போக வேண்டும். முதலில் குழந்தையின் கையில் ஒரு லட்டு. குழந்தை தின்னும்போதே, "பசி நல்லா எடுக்குதாம்மா புள்ளைக்கு?" என்று ஒரு விசாரிப்பு. எந்தத் தாய் ஆமாம் என்பாள்? உடனே லேகிய டப்பா வரும். டப்பா கைமாறிய பிறகே புடவைகள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் போகும். இந்த வரிசையைத் தாத்தா ஒருநாளும் மாற்றியதில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அக்காவுக்கு அதில் பெருமை இல்லை. "ஒரு கையால லட்டு குடுத்து வயித்தக் கெடுத்தாரு, இன்னொரு கையால லேகியம் வித்தாரு. போறப்ப புடவையும் தலையில கட்டி அனுப்புனாரு. கெட்டிக்காரருதான்!" என்பார். அப்பா முறைத்தால், "கைக்கு முறைக்கிறீங்க? நான் பாராட்டித்தானே பேசறேன்!" என்று சிரிப்பார். ‘கைக்கு’ என்றால் ஊர் உருதுவில் ‘ஏன்’; அக்காவின் தமிழில் அந்தச் சொற்கள் கலந்தே வரும்.

மிட்டாய் சுற்றிக் கொடுத்த தாளில் லேகியத்துக்கு விளம்பரம் அச்சிட்டிருக்கும். அதில் மூன்று பெண்கள் எழுதிய நற்சாட்சிக் கடிதங்கள். திருமலகிரி சுபேதார் மனைவி, லாலாகூடா ரயில்வே கார்டு மனைவி, பொல்லாரத்து ஆசிரியை. மூன்று டப்பாவில் மூட்டுவலி பறந்தது, ஐந்தாவது டப்பாவில் பிள்ளை உண்டானது என்றெல்லாம் அவற்றில் இருக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. திருமணமாகி ராமச்சந்திராபுரம் கம்பெனிக் குடியிருப்புக்குப் போனார். அத்தான் திடீரென மாரடைப்பில் இறந்தபோது அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது, பிள்ளைகள் இல்லை. திரும்பி வந்தவரைச் சமையலறையில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். அவர் கல்லாவில் உட்கார்ந்தார். நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியது அக்கா கிழித்து விற்ற ஜாக்கெட் துணியால்தான்.

ஒருநாள் வேலூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் மனைவியின் கால் வீக்கத்துக்கு லேகியம் கேட்டு வந்தார். "இது வெல்லமும் சுக்கும்ணே. தின்னா நல்லாத்தான் இருக்கும், வீக்கம் போகாது. இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அக்கா அனுப்பிவிட்டார். மறுவாரம் லேகிய அலமாரியில் குழந்தைகள் உடுப்பு ஏறியது. பாரம்பரியம் போச்சு என்று உறவே கத்தியது. அக்கா கண்டுகொள்ளவில்லை.

இனி என் பங்கு. நகரத்தின் பழைய கடைகளைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. எங்கள் கடையைப் பற்றிய கட்டுரை என்னுடையது. தார்நாகாவில் முப்பது ஆண்டு வேதியியல் ஆராய்ச்சி செய்த நான், அந்த மூன்று கடிதங்களையும் சான்றாக மேற்கோள் காட்டியிருந்தேன். வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு, அக்கா தாத்தாவின் பெட்டியில் கிடைத்த ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று கடிதங்களும் தாத்தாவின் கையெழுத்தில். "போஸ்ட் மாஸ்டர் மனைவி" என்று எழுதி, அடித்து, "கார்டு மனைவி" ஆக்கியிருந்தார். அவை தாத்தாவே புனைந்தவை என்பதில் எனக்கு ஐயமே வரவில்லை. ஆனால் கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. பார்க்கிறேன் என்று வாங்கி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

வெளியீட்டு விழாவில் நான் பேசி முடித்ததும் அக்கா எழுந்தார். "அந்த மூணு பொம்பளைங்களும் கிடையாது. மூணும் எங்க தாத்தா! தம்பிகிட்ட நோட்டு இருக்கு, கேளுங்க" என்றார். சபை சிரித்தது. முன்வரிசையில் என்னோடு பணியாற்றிய விஞ்ஞானிகள். நான் மைக்கை எடுத்து, "அக்காவுக்கு வயதாகிவிட்டது. சில நாட்களாக நினைவு கொஞ்சம் தடுமாறுகிறது. மன்னிக்கவும்" என்றேன். அக்கா என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அந்த வாரமே கடையைக் கவனித்துவந்த அண்ணன் மகன் அவரைக் கல்லாவிலிருந்து எழுப்பினான். அவன்மேல் தப்பில்லை, என்னை நம்பினான். காப்பியில் சர்க்கரை இல்லை என்று அக்கா சொன்னால்கூட, "போட்டோம் அத்தை, மறந்துட்டீங்க" என்றார்கள். மருத்துவர் ஒருவர் அவரைச் சோதித்துவிட்டு, "என்னைவிட நல்ல ஞாபகம் இவங்களுக்கு" என்று என்னிடம் சொன்னார். அதையும் நான் வீட்டில் சொல்லவில்லை.

நான்கு ஆண்டு கழித்துப் போய், "தப்பு என்னுதுதான்க்கா, மன்னிச்சிடு" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் நக்கோடா, வேணாம். அன்னிக்கு மைக்குல சொன்னே இல்ல? அதே மாதிரி எல்லாரும் கேக்கச் சொல்லு. நம்ம கடையில வச்சுச் சொல்லு."

"தீபாவளி கழியட்டும்க்கா. இப்ப கடையில கூட்டம்."

"ஹவ், ஹவ். ஆமாமா, வியாபாரம் கெடக் கூடாது பாரு. தாத்தாவோட பேரன்டா நீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு, காலைக் காப்பி குடித்த பிறகு, அக்கா நாற்காலியிலேயே உயிர் நீத்தார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட அண்ணன் மகனுக்கும் அவன் மனைவிக்கும், உண்மையைச் சொன்ன அந்த மருத்துவருக்கும் நன்றி. முக்கியமாக, கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு. அந்த நான்கு ஆண்டும், எந்தத் துணி சாயம் போகும் என்று தினமும் பின்கட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டு, அவர் சொன்னபடியே விற்றவர் அவர் ஒருவர்தான்.

தாத்தாவின் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தை எதிர்ப்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறேன். குடும்ப மானம் என்பவர்கள் அதைக் கிழித்துக்கொள்ளலாம். மேலும் இருநூறு பிரதிகள் வைத்திருக்கிறேன். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில், கடையில் நீங்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, எழுதியதை வாயாலும் சொல்லப் போகிறேன். என் கையிலிருந்து யாரும் மைக்கை வாங்க வேண்டாம். அக்காவால் இனிக் கேட்க முடியாது. நீங்கள் கேளுங்கள்.