தானா ராத்தாவுக்குக் கடைசி மூன்று கிலோமீட்டர்

இந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கு மீண்டும் சென்று வந்தேன். முன்பு சென்றது எழுபதுகளின் இறுதியில். இடையில் எட்டு ஆண்டுகள் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. மலைக்குப் புறப்படுவோர் பேருந்து நேரத்தோடு அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

தாப்பாவிலிருந்து காலை எட்டு மணிக்குப் பேருந்து. கட்டணம் மூன்று வெள்ளி இருபது காசு. தானா ராத்தா வரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் பிடிக்கும். வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் முன்னிருக்கையில் அமர்வது உத்தமம். ரிங்லெட்டைத் தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறும். தேயிலைச் சரிவுகள் தொடங்கும். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் சாலையோரம் ஒரு சிறிய மதகு வரும். அதைப் பயணிகள் யாரும் கவனிப்பதில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் போலீசார் எங்களை நிறுத்தியது அந்த மதகருகே.

ரிங்லெட்டுக்கு மேலிருந்த ஒரு தோட்டத்தில் சரசு என்ற பெண் வேலை செய்தார். தேயிலை சுருட்டும் இயந்திரம் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. வேலை செய்ய முடியாதவருக்குத் தோட்டம் கொடுக்கும் லைன் வீடு கிடையாது என்பது தோட்டத்து வழக்கம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அவரைப் போன்று கை, கால், கண் இழந்தவர்கள் அங்கே ஒன்பது பேர். வீட்டை விட்டு வெளியேற்றாதீர்கள் என்று கேட்டு, தானா ராத்தா அரசு அலுவலகத்தின் முன் ஒரு மணி நேரம் அமைதியாக நின்று மனுக் கொடுக்க முடிவு செய்தார்கள். ஒரு காலத்தில் அவ்வூரில் ஆசிரியராக இருந்தவன் என்பதால், ஈப்போவிலிருந்த என்னை எழுத்து வேலைக்கு அழைத்தார்கள்.

கூடி நிற்கப் போலீஸ் அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். நேரம்: பத்து முதல் பதினொன்று வரை. வாகனம்: தானா ராத்தா வழியாகத் திரிங்காப்புக்குக் காலியாகத் திரும்பும் காய்கறி லோரி, அதன் எண்.

"லோரி நம்பர எழுதாதீங்க சார்," என்றார் சரசு. "கல்யாணம், கருமாதி எல்லாத்துக்கும் அதுலதான் போறோம். யாரும் கேக்க மாட்டாங்க. எழுதினாதான் கேப்பாங்க."

"மறைக்க நமக்கு எதுவும் இல்லை. எல்லாம் முறைப்படி இருக்கட்டும்," என்றேன். பல்கலைக்கழகம் எனக்குக் கற்றுத் தந்த மடமை அது. அனுமதி கிடைத்தது. நான் பெருமைப்பட்டேன்.

அன்று காலை 9.25க்கு மதகருகே லோரி நிறுத்தப்பட்டது. தலைமை தாங்கிய போலீஸ் சார்ஜன் தமிழர். கையில் என் விண்ணப்பத்தின் நகல்.

"சரக்கு லோரில ஆள் ஏத்தக்கூடாதுலா. எறங்குங்க."

"அப்ப எப்படிப் போறது சார்ஜன்?" என்றார் சரசு.

"நடந்து போலாம். நடக்கத் தடையே இல்ல."

மாரியப்பனுக்கு இடது கால் கிடையாது. லோரியின் பின்பலகையில் உட்கார்ந்தபடி கேட்டார்: "எனக்கு ஒரு கால்தானே சார்ஜன், பாதித் தூரம் நடந்தா பர்மிட் செல்லுமா?" போலீஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். சார்ஜன் சிரிக்கவில்லை.

பேருந்து ஒன்று வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார், சீருடைகளைப் பார்த்தார், போய்விட்டார்.

மனுவை எடுத்துக்கொண்டு நான் மட்டும் முன்னால் ஓடுகிறேன் என்றேன். சரசு தடுத்தார். "காகிதத்த யாரு வேணா குடுக்கலாம் சார். அவங்க எங்களப் பாக்கணும்."

நடந்தார்கள். பார்வையற்ற இருவர் மாரியப்பனின் ஊன்றுகோல் சத்தத்தைப் பின்பற்றி வந்தார்கள். ஏற்றத்தில் நான்கு முறை உட்கார வேண்டியிருந்தது. போலீஸ் ஜீப் பின்னாலேயே, நடை வேகத்தில், கூடவே வந்தது. அதில் நான்கு இருக்கைகள் காலி.

அலுவலக வாசலை அடைந்தபோது மணி 11.12. அதே சார்ஜன் ஜீப்பிலிருந்து இறங்கி முன்னால் வந்து நின்றார். கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பதினொன்னு வரைக்கும்தான் பர்மிட். இனி நின்னா சட்டவிரோதம். நீங்க எழுதின நேரம்தானே, சார்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அடிக்கவில்லை, யாரையும் கைது செய்யவுமில்லை. சட்டத்தைத் தவிர வேறெதையும் அவர் பயன்படுத்தவில்லை. அதையும் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். கதவு சாத்தப்பட்டது. மனுவை வாங்க யாரும் வெளியே வரவில்லை. இரண்டாவது விண்ணப்பத்துக்குக் காரணம் கூறாமல் மறுப்பு வந்தது. மாதக் கடைசியில் சரசு லைன் வீட்டைக் காலி செய்தார்.

இம்முறை லெம்பா பெர்த்தாமில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். தானா ராத்தாவிலிருந்து வாடகைக் காருக்கு ஏழு வெள்ளி. காய்கறித் தோட்டத்தில் கீரை கட்டிக்கொண்டிருந்தார். வாழைநாரின் ஒரு முனை பல்லில், மறுமுனை இடது கையில். பின்னால் தகரக் கொட்டகை, அதுதான் வீடு. மன்னிப்புக் கேட்கவே சென்றிருந்தேன். வாய் திறப்பதற்குள் என் சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்துவிட்டார்.

"இன்னும் பஸ் டைமெல்லாம் எழுதி வச்சிக்கிறீங்களா சார்?"

"ஆமாம்மா."

"எழுதுங்க. ஆனா நாங்க நடக்கிற டைமையும் கேட்டு எழுதுங்க." நாரை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த கீரைக்கட்டை எடுத்தார். மன்னிப்பைப் பற்றி நானும் பேசவில்லை.

செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். கம்பளிச் சட்டை அவசியம். பிற்பகலில் மழை வரும். தேயிலைச் சரிவுகளைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். தாப்பாவுக்குக் கடைசிப் பேருந்து மாலை ஐந்தரைக்கு. எங்காவது, யாருக்காகவாவது அனுமதி கேட்டு எழுத நேர்ந்தால், முழு நாளும் கேளுங்கள். மதகிலிருந்து தானா ராத்தா மூன்று கிலோமீட்டர்; நடக்க நாற்பது நிமிடம் என்று எந்த வழிகாட்டி நூலும் சொல்லும். அது பிழை. ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.